பரணிக்குப் போன வண்டிகள்

பள்ளிவாசல் தோட்டம்
அட்சய வருஷம், மாசி 3

அக்கா பாவாத்தாளுக்குத் தம்பி சென்னியப்பன் வணங்கி எழுதுவது. மலையில் பனி இன்னும் விடவில்லை. உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் வலியும் பூமாரியின் சளியும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

பங்குனிப் பரணித் திருவிழாவுக்குக் கொடுங்கல்லூர் அம்மன் கோயிலுக்குப் போகப் பூமாரியையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டுதலைத் தடுக்க எனக்கு வாயில்லை. பெற்றவள் பிரசவத்தில் போனபின் இந்த ஒன்பது வருஷமாக என் மகளுக்கு நீங்கள்தான் தாய். ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும். கீழே பஜாரில் அம்மை கண்டிருக்கிறது. தோட்டத்து டாக்டர் கூலிக்காரர் குடியிருக்கும் லயம் ஒவ்வொன்றுக்கும் வந்து எல்லோருக்கும் அம்மை குத்திவிட்டார். எனக்கும் குத்தினார். நாலு நாள் கை வீங்கியது, அவ்வளவுதான். கொழிஞ்சாம்பாறையில் மரியஜோசப் என்று அம்மை குத்துகிறவர் இருக்கிறார். வண்டி ஏறுமுன் பூமாரியை அவரிடம் கூட்டிப் போய்க் குத்தி விடுங்கள். காசு கேட்க மாட்டார்.

சித்திரையில் வந்து அவளை என்னோடு அழைத்துக்கொள்கிறேன். ஜன்னல் வைத்த அறை ஒன்று கிடைத்திருக்கிறது. நீங்களும் வந்துவிடலாம்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மாறாத
சென்னியப்பன்


வடகரப்பதி
மாசி 11

தம்பி சென்னியப்பனுக்கு ஆத்தா புண்ணியத்துல எல்லா நல்லதும் நடக்கோணும். முழங்கால் எப்பவும் போலத்தான், குத்துக்கால் போட்டு உக்கார முடியறதில்ல. பூமாரிக்குச் சளி போயிருச்சு. தூதுவளை ரசம் வெச்சுக் குடுத்தேன், மூஞ்சிய அஷ்டகோணலாக்கிக்கிட்டுக் குடிச்சா.

ஏழு வண்டி கட்டறோம். நல்லதம்பி அண்ணந்தான் முன் வண்டி. போன வருசமும் அவருதான் போனாரு, அதுக்கு முந்தியும் அவருதான். வழியெல்லாம் தனக்குத்தான் தெரியுமாம். நம்ம வண்டிய சோலை ஓட்டறான். பையன் பேசவே மாட்டான், அதனால எனக்குப் பிரச்சினையில்ல, நான் பேசறதக் கேக்க ஒரு ஆளு வேணுமில்ல. கீழ வளவு சாந்தம்மாளும் கைக்கொழந்தையோட வர்றா. மஞ்சப்பொடி, நல்லமொளகு, செவப்புத் துணி, ஒரு சேவல், எல்லாம் கட்டி வெச்சாச்சு. சேவலுக்குப் பூமாரி பேரு வெச்சுட்டா. பலி குடுக்கறதுக்குப் பேரு வெக்காதடின்னேன், கேக்க மாட்டேங்கறா.

இந்த வேண்டுதல் எதுக்குன்னு உனக்கு நெனவிருக்கும். பொறந்த பதினாறாம் நாளு அவ ஒடம்பு நீலம் பாரிச்சப்ப, ஆத்தா, இவள நீ குடுத்தா உன் வாசலுக்குக் கூட்டியாறேன்னு சொன்னேன். குடுத்துட்டா. ஒம்பது வருசமா நான் கடங்காரி.

அம்மை குத்தறதப் பத்தி எழுதியிருந்த. நோவுன்னா மருந்து குடுக்கலாம் தம்பி. அது நோவு இல்ல, ஆத்தா வந்துட்டுப் போறது. எனக்கு ஏழு வயசுல வந்தா, மூஞ்சியெல்லாம் அவ போட்ட முத்து இன்னும் இருக்குது. அவ வாசலுக்கே போறப்ப, நீ வந்தராதன்னு கையில குத்திக்கிட்டுப் போறது சொந்தபந்தம் ஒறம்பரை ஊட்டுக்கு அருவாளோட போற மாதிரி எனக்குப் படுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ மனசப் போட்டு ஒழப்பாத.

வேளைக்குச் சாப்புடு. கம்பளி பத்தலைன்னா எழுது.

அக்கா பாவாத்தாள்


பள்ளிவாசல்
மாசி 17

அக்காவுக்கு நமஸ்காரம். நலம். நீங்கள் எல்லோரும் நலமென நம்புகிறேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினீர்களே தவிர, குத்துவேன் என்று எழுதவில்லை. அதனால் மறுபடி எழுதுகிறேன்.

எங்கள் லயத்தில் சின்னத்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள். தென்காசிப் பக்கத்துக்காரி. டாக்டர் வந்த அன்று மகனைத் தேயிலைச் செடிக்குள் ஒளித்து வைத்தாள். முந்தாநாள் அந்தப் பையனைப் பள்ளத்தில் புதைத்தோம். நான்தான் குழி வெட்டினேன். என்னிடம் வந்து, “அண்ணே, பிடிச்சு இழுத்துக் கொண்டு போயிருக்கப்படாதா நீங்க? நான் கத்துனா கத்திட்டுப் போறேன்னு விட்டிருக்கப்படாதா?” என்று கேட்டாள்.

அக்கா, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். குத்திவிட்டு வண்டி ஏறுங்கள். பதில் போடும்போது “குத்தியாயிற்று” என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். திருச்சூரில் நல்லதம்பி அண்ணனின் மச்சான் தவிட்டுக் கடை வைத்திருப்பதாகச் சொல்வார்களே, இனி அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

சென்னியப்பன்


ஆலத்தூர் தாண்டி, ஆலமரத்தடி
மாசி 26

தம்பிக்கு அக்கா எழுதறது. எல்லாரும் சவுக்கியம், மாடுக கூட சவுக்கியம். உன் கடுதாசி வண்டி கெளம்பற அன்னைக்கு வந்துது. சின்னத்தாய் மகனுக்காக வெளக்குப் போட்டேன்.

ஊரத் தாண்டறப்பவே பூமாரி ஆரம்பிச்சுட்டா. இந்த ஆறு எங்க போகுது, அந்தப் பனைல யாரு ஏறுவாங்க, மேக்க போனா பொழுது நம்ம கூடவே வருமா. பாலக்காடு தாண்டுனா ரெண்டு பக்கமும் வயலு, வயலு, வயலு. நம்ம ஊர்ல சோளத்தட்டு காஞ்சு கெடக்கறப்ப இங்க என்ன பச்சைங்கற. வாய்க்காத் தண்ணில மாட்ட எறக்குனா மேல ஏறவே மாட்டேங்குது. வடக்க மலை, தெக்க மலை, நடுவுல நாங்க ஏழு வண்டி எறும்பு மாதிரி போறோம். உங்கப்பன் இருக்கறது அந்தத் தெக்கு மலைக்கு அக்கட்டாலன்னு காட்டுனேன். வண்டிய விட்டு எறங்கி நின்னு அப்பான்னு கூப்புட்டுப் பாத்தா. கேட்டுச்சா?

நேத்துப் பொழுதோட ஒரு நல்ல காரியம் நடந்துது. எங்களுக்கு முன்னாலயே ஒரு வண்டி மரத்தடில நின்னுது, கூண்டுல வேப்பந்தழ செருகியிருந்தாங்க. உள்ள ஒரு பையன் படுத்திருந்தான், ஆத்தா எறங்கியிருக்கா. அவ வாசலத் தேடிப் போறோம், அவளே வழியில வந்து நிக்கறா பாரு. மஞ்சத்தண்ணி கரைச்சு எடுத்துக்கிட்டுப் பூமாரியக் கூட்டிட்டுப் போயி விழுந்து கும்பிட்டுட்டு வந்தேன். பூமாரி அவனுக்குப் பனைவெல்லம் குடுத்தா. சாந்தம்மா மட்டும் கொழந்தைய எடுத்துக்கிட்டு கடேசி வண்டிக்குப் போயிட்டா. பயந்தாங்கொள்ளி.

மரியஜோசப்பு நம்மூருக்கே வந்திருந்தாரு. வேதக்காரரா இருந்தாலும் மரியாதையாப் பேசறாரு. பூமாரி கை நல்லாத்தான் இருக்குது, கவலப்படாத.

சோலை மாடு பூட்டறான். மறுக்கா எழுதறேன்.

பாவாத்தாள்


கொடுங்கல்லூர்
பங்குனி 3

தம்பி சென்னியப்பனுக்கு ஆத்தா சன்னதில இருந்து அக்கா ஆசீர்வாதம். வந்து சேந்துட்டோம். எனக்கு இடுப்பு கழண்டுருச்சு, ஆனா இங்க வந்து நின்னதும் ஒண்ணும் தெரியல.

குதிரான் மலை ஏறறப்பத்தான் நல்லதம்பி அண்ணன் பவுசு தெரிஞ்சுது. “வழி எனக்கு அத்துப்படி”ன்னு சொல்லிப்போட்டு, ஏத்தத்துல மாடு நின்னுக்கிச்சு, எல்லாரும் எறங்கித் தள்ளுனோம். “ஏனுங்ணா, வழி அத்துப்படி, மாடு அத்துப்படியில்லீங்ளா”ன்னு சாந்தம்மா கேட்டா. மனுசன் ரெண்டு நாளு அவளோட பேசல. மலைக்கு இக்கட்டால ஒரு சாவடில வண்டிய நிறுத்துனாங்க. பரணிக்குப் போறவங்களயெல்லாம் கையத் தூக்கச் சொல்லிக் குத்துன தழும்பு இருக்குதான்னு பாக்கறாங்க. கேட்டாங்க, பதில் சொன்னேன், விட்டாங்க.

கோயில்ல செவப்புத் துணியும் கோலும் சிலம்புமா சனம் ஓடறதப் பாத்தா நமக்கே மயிர் கூச்செரியுது. அங்க பாடற பாட்ட மட்டும் எழுத மாட்டேன், தபால்காரன் பிரிச்சுப் படிச்சா என்னை என்னன்னு நெனப்பான். பூமாரி காதப் பொத்துனேன். அவ என் கைய வெலக்கி வெலக்கிக் கேக்கறா. மொளகும் மஞ்சளும் கொட்டி, துணி சாத்தி, கடன் தீத்தாச்சு. சேவல மட்டும் விடமாட்டேன்னு கட்டிப்புடிச்சு அழுதா. வேற சேவல் வாங்கிக் குடுத்தேன். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.

நேத்துக் கடலுக்குப் போனோம். காயல்ல தோணி, அதுக்கப்பறம் மணலு, அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல, தண்ணிதான். எனக்கு ஐம்பத்திமூணு வயசு, இத்தன தண்ணி எங்க இருந்துதுன்னு தெரியாமப் போச்சு. பூமாரி அலைகிட்ட ஓடறா, அது வந்தா திரும்பி ஓடியாறா, அப்படியே பொழுது போயிருச்சு. தேங்கா மட்டை ஊறப் போட்ட நாத்தம் சேலையில இன்னும் இருக்குது.

அப்பனுக்கு எழுதறேன்னு அவளும் ஒரு காகிதத்துல எழுதியிருக்கா. அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல எனக்கென்ன, நான் படிக்காம மடிச்சு வெச்சிருக்கேன்.

பாவாத்தாள்

(உள்ளே இன்னொரு காகிதம்)

அப்பா சுகமா. நான் சுகம். கடல் பாத்தேன். உப்பா இருக்கு. சாவடில அத்த என்னக் கோணிச்சாக்குக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. மேல சோளத்தட்டு போட்டாங்க. மூக்குல குத்துச்சு நான் தும்மலயே. யாரும் கண்டுபுடிக்கல. நான் ஜெயிச்சுட்டேன். எப்ப வருவீங்க. பூமாரி.


பள்ளிவாசல்
பங்குனி 8

அக்காவுக்கு. நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை, மன்னிக்கவும்.

பூமாரி எழுதியதைப் படித்தேன். கோணிக்குள் ஒளித்து வைத்தீர்கள். மரியஜோசப் ஊருக்கு வந்தார் என்று எழுதினீர்கள், அன்று அவளை எங்கே ஒளித்தீர்கள்? அம்மை கண்ட பையன் படுத்திருந்த வண்டிக்கு அவளை நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது. அவளுக்கு?

டாக்டரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். நோயாளியிடம் போய் வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும் என்கிறார். சீக்கிரம் குத்தினால் ஒருவேளை தப்பலாம் என்கிறார். கடை விலாசத்துக்குப் போடுகிறேன். கையில் கிடைத்ததும் வேறு வேலை எதுவும் பார்க்காமல் திருச்சூரிலேயே குத்துகிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும்.

சென்னியப்பன்


திருச்சூர்
பங்குனி 13

தம்பிக்கு அக்கா.

உன் கடுதாசி கெடைச்சுது. கையோட கூட்டிக்கிட்டுப் போனேன்.

மூணு நாளா ஒடம்பு சுட்டுது, வண்டி வெயிலுன்னு நெனச்சேன். இன்னைக்கு மூஞ்சியில முத்து தெரியுது. ஆத்தா நம்ம பூமாரிகிட்ட வந்திருக்கா.

ஆத்தா இருக்கற எடத்துல இருந்து கடுதாசி போடக் கூடாது. இதப் போடறதே தப்பு. முத்து காஞ்சு மூணாந் தண்ணி ஊத்துன பொறவு எழுதறேன். நீயும் அதுவரைக்கும் எழுதாத, அவ பேரச் சொல்லி அழுகாத.

பா.


பள்ளிவாசல்
பங்குனி 24

அக்காவுக்கு.

எழுதாதே என்றீர்கள். முடியவில்லை.

உங்கள் கடிதம் கண்ட அன்றே கிளம்பினேன். தோட்டத்தில் அம்மை பரவியதால் லயத்து வழியை அடைத்துவிட்டார்கள். கீழிருந்து யாரும் ஏறக் கூடாது, மேலிருந்து யாரும் இறங்கக் கூடாது. குத்திக்கொண்டவன் என்று கையைக் காட்டினேன், எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று திருப்பிவிட்டார்கள்.

வழக்கம் எனக்கும் தெரியும். வழக்கத்தை மீற வேண்டாம். எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் எழுத வேண்டாம். இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள்.

சென்னியப்பன்


பள்ளிவாசல்
பிரபவ வருஷம், சித்திரை 9

அக்கா, மூன்றாம் தண்ணி ஊற்றும் நாள் எப்போதோ கடந்துவிட்டது.

சென்னியப்பன்


வடகரப்பதி
சித்திரை 18

தம்பி சென்னியப்பனுக்கு அக்கா எழுதறது. நான் சுகமா இருக்கேன். அத எழுதறதுக்குத்தான் இத்தன நாளு கை வரல.

பூமாரி இல்ல சாமி. பங்குனி இருவதாந் தேதி விடியக்கால போயிட்டா.

திருச்சூர்ல உன் கடுதாசியப் படிச்சதும் தூக்கிக்கிட்டு ஓடுனேன். அங்க குத்தறவரு நெத்தியத் தொட்டுப் பாத்தாரு, பெட்டிய மூடிட்டாரு. “காய்ச்சல் வந்த பொறவு குத்திப் புண்ணியமில்ல, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க”ன்னாரு. எனக்கு அப்பத்தான் மொத மொத பயம் வந்துது. அதுவரைக்கும் வரல, ஆத்தா மேல சத்தியம்.

நம்ம வண்டியக் கடேசியா ஓட்டச் சொன்னாங்க. குதிரான் எறங்குனதும், இனி இங்கயே நிறுத்திக்குங்கன்னு நல்லதம்பி அண்ணன் சொல்லிப்போட்டாரு. அவரக் குத்தஞ் சொல்ல மாட்டேன், ஆறு வண்டியில கொழந்தைக இருக்குது. அரிசியும் மாட்டுக்குத் தட்டும் எறக்கி வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போனாங்க. அதுதான் வழக்கம். சோலை மட்டும் போகல. எட்டத்துல கல்லு கூட்டிச் சமைச்சு, கொண்டாந்து வெச்சுட்டு வெலகிக்குவான். நான் வேப்பந்தழயால வீசிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒடம்புல கை வெக்க எடமில்ல. கண்ணத் தொறக்க முடியல அவளால. கடேசி நாளுல நெனவு தடுமாறுச்சு. வண்டிக்குள்ள இருட்டா இருந்ததால சாக்குக்குள்ள இருக்கறதா நெனச்சுக்கிட்டா. “அத்த, இன்னும் ஒளிஞ்சுக்கோணுமா”ன்னு கேட்டா. வேண்டாங் கண்ணு, வெளிய வந்துருன்னேன். மறுக்கா மறுக்கா அதையே கேட்டா.

உன்னையக் கேட்டாளான்னு நீ கேப்ப. கேட்டா.

ஆத்தா எடுத்துக்கிட்ட எடத்துல அழுகக் கூடாது. நான் அழுகல. மஞ்சத்துணி சுத்திச் சோலையும் நானும் அடக்கம் பண்ணோம். குழிமேல வேப்பந்தழ போட்டு, கும்புட்டுட்டு வண்டியேறுனேன். ஊரு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரல.

இங்க வந்தா வேற மாதிரி ஆயிருச்சு. ஊரே எல்லையில நிக்குது. ஆத்தா கோயிலுக்குப் போயி, கடன் தீத்து, கன்னியாவே ஆத்தாளோட போயிட்டா, இனி அவ நம்ம ஊருக்குக் காவல்னு நல்லதம்பி அண்ணன் சொல்றாரு. நம்ம தோட்டத்து வேலியோரத்துல ஒரு கல்லு நட்டு, மஞ்சத் தடவி, செவப்புத் துணி கட்டிட்டாங்க. வெள்ளிக்கெழம பொங்கல் வெக்கறாங்க. பொம்பளைக வந்து எங் கால்ல விழுகறாங்க. அந்தக் கல்லப் பாத்தா எனக்கும் சித்தெ நேரம் ஆறுதலாத்தான் இருந்துது, பொய் சொல்லல.

போன வாரம் மரியஜோசப்பு பெட்டியோட வந்தாரு. கெழக்க ரெண்டு ஊர்ல அம்மை கண்டிருக்குதாம், கொழந்தைகளுக்கு உடனே குத்தோணும்னாரு. “எங்களுக்குப் பூமாரியாத்தா இருக்கறா, உங்க ஊசி எதுக்குங்க”ன்னு எல்லையிலயே நிறுத்திட்டாங்க. அவரு என்னையப் பாத்தாரு. “அம்மா, நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க அந்தப் பிள்ளைக்குக் குத்தலைங்கறது எனக்குத் தெரியும். நான் வந்தன்னைக்குக் காட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னீங்க. அத மட்டும் சொல்லுங்க”ன்னாரு. சாந்தம்மா கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

நான் வாயத் தொறக்கல தம்பி. சொன்னா பூமாரி வெறும் பொணமாயிருவா. கல்லாவாவது இருக்கட்டுமேன்னு இருந்துட்டேன். அவரு பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

நீ என்ன வேணும்னாலும் எழுது. எழுதாம மட்டும் இருக்காத.

பாவாத்தாள்


பள்ளிவாசல்
சித்திரை 28

அக்கா,

நாலு நாள் இதை எழுதி எழுதிக் கிழித்தேன். உங்களைத் திட்டி எழுதியவையெல்லாம் அடுப்பில் போய்விட்டன. நான் இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். சின்னத்தாய் என்னிடம் கேட்டதை இப்போது நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் யாருக்கும் காவல் இல்லை. அவளுக்கு ஒன்பது வயது. அவளைச் சாமியாக்கி அந்தக் கல்லை வைத்து இன்னொரு குழந்தையைக் கொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். சாந்தம்மாளின் குழந்தை செத்தால் அதையும் பூமாரி பேரில்தான் எழுதுவார்கள்.

சொல்லுங்கள். எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. சொன்னபிறகு எழுதுங்கள்.

சென்னியப்பன்


வடகரப்பதி
வைகாசி 9

தம்பி சென்னியப்பனுக்கு அக்கா பாவாத்தாள் எழுதறது. ஒடம்பு நல்லாருக்கு. உனக்கு அங்க வழி தொறந்துட்டாங்கன்னு சோலை சந்தையில கேட்டுட்டு வந்தான்.

சொல்லிட்டேன்.

வெள்ளிக்கெழம பொங்கலுக்குக் கூட்டம் சேந்தப்பப் போயி நின்னேன். பூமாரிய ஆத்தா கூப்புடல, நாந்தான் கொண்டு போயிக் குடுத்தேன்னேன். மரியஜோசப்புகிட்டப் பொய் சொன்னது, சாவடில சாக்குக்குள்ள போட்டது, நோவுப் பையன் வண்டிக்குக் கூட்டிட்டுப் போனது எல்லாத்தையும் சொன்னேன். குத்தியிருந்தா இன்னைக்கு எம் பக்கத்துல நின்னிருப்பான்னேன்.

ஒருத்தரும் நம்பல. நல்லதம்பி அண்ணன் கன்னத்துல போட்டுக்கிட்டு, “புள்ள போன துக்கத்துல பேசறா. ஆத்தா நம்மளச் சோதிக்கறா”ன்னாரு. பொம்பளைக எனக்கு விபூதி பூச வந்தாங்க. நான் எதச் சொன்னாலும் அதையும் ஆத்தா சொன்னதாவே எடுத்துக்கறாங்க. பேச்சுக்கு அங்க வேலையில்லாமப் போச்சு.

நான் கல்லு முன்னால உக்காந்தேன். முடிய அவுத்துவிட்டேன். செத்த ஊட்டுல அழுகற மாதிரி மார்ல அடிச்சு அழுதேன். சாமிகிட்ட அழுகற அழுக இல்ல தம்பி, எழவு ஊட்டு அழுக. அவ பேரச் சொல்லி, அவ கடல்ல ஓடுனதச் சொல்லி, வயசச் சொல்லி ஒப்பாரி வெச்சேன். வண்டிக்குள்ள அழுகாதது, குழிமேட்டுல அழுகாதது, எல்லாம் வந்துது.

எல்லாரும் வெலகிட்டாங்க. ஆத்தா முன்னால ஒப்பாரி வெக்கக் கூடாது. ஒப்பாரி வெச்சா அது ஆத்தா இல்லைன்னு ஆயிரும். “நிறுத்துடி”ன்னு நல்லதம்பி அண்ணன் கத்துனாரு. நான் நிறுத்தல. குரலு போற வரைக்கும் அழுதேன். ஒருத்தரும் பொங்கப் பானைய எறக்கல, பொங்கல் அப்படியே பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு போச்சு. விடிஞ்சு பாத்தா செவப்புத் துணிய யாரோ அவுத்துட்டுப் போயிருக்காங்க.

மரியஜோசப்புக்குச் சோலைய அனுப்புனேன். வந்தாரு. சாந்தம்மா மொத ஆளா வந்து கொழந்த கைய நீட்டுனா. அவ மச்சாண்டார் ஊட்டுல ரெண்டு பேரு. சோலை. அவ்வளவுதான். மத்த ஊடெல்லாம் கதவச் சாத்திக்கிட்டாங்க. நேத்துக் கெழக்கால வளவுல ஒரு ஊட்டுல வேப்பந்தழ செருகியிருக்குது. நான் ஆத்தாளக் கோவப்படுத்துனதாலதான் வந்துதுன்னு பேசிக்கறாங்க. கெணத்துல என்னையத் தண்ணி எறைக்க விடறதில்ல. சாந்தம்மா குடத்துல கொண்டாந்து வேலிக்கு அக்கட்டால வெச்சுட்டுப் போறா. மரியஜோசப்பு மறுக்கா வர்றேன்னிருக்காரு. ஊடு ஊடாக் கூடப் போகலாம்னு இருக்கேன், வெரட்டுனா வெரட்டட்டும்.

நான் இன்னும் ஆத்தாளத்தான் கும்புடறேன். வேற யாரக் கும்புடறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா விழுந்து கும்புட முடியல, நின்னுக்கிட்டே கும்புடறேன்.

நீ வருவ. வந்தா வேலியோரத்துக் கல்லுகிட்டப் போகாத. அது அவ இல்ல. குதிரான் எறங்கி, ஓடையத் தாண்டி, ரோட்டுக்குத் தெக்க ஒரு ஒத்தப் புளியமரம் நிக்குது. அதுக்குக் கெழக்க, தலை மலைப்பக்கம் பாத்து வெச்சிருக்கோம். நீ தனியாப் போனா எடம் தெரியாது, நான் கூட வந்து காட்டறேன். இப்ப எனக்கு ஊர்ல யாரும் வண்டி தர மாட்டாங்க. நடந்தே போயிக்கலாம்.

அக்கா